கீழ்வீட்டுக்கு ஒரு பொன்னாடை

அத்தியாயம் பதினொன்று

ஒரு காரியத்துக்கு ஒரு ஆளைப் பிடித்தால் போதும் என்று அமுதவள்ளி அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பழனியப்பன் சரி சரி என்று தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திருவிழாவில் இன்னொரு ஆளுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு வந்துவிட்டார். கத்திரிப்பூ நிறம், தங்கக் கரை. மகளுக்கு அது இன்னும் தெரியாது.

காரியம் என்னவோ சின்னதுதான். மனைவி இராஜம்மாவுக்கு ஒரு கீழ்வீடு வேண்டும்.

கிள்ளானில் அவர்கள் இருப்பது அரசாங்க வாடகை ஃபிளாட். லிஃப்ட் கிடையாது. ஏழைகளுக்குக் கட்டுகிறபோது, அவர்கள் எல்லாருக்கும் சாகும்வரை கால் நன்றாக இருக்கும் என்று எவனோ முடிவு செய்துவிட்டான். நாலாம் மாடியில் இருக்கும் இராஜம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. போன தீபாவளிக்கு முன்னால் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மட்டும்தான் அவள் இறங்குகிறாள். அதற்கும் நாலு ஆம்பிளைகளைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்க வேண்டும். ஊரான் வீட்டுப் பிள்ளைகள் தன்னைத் தூக்குவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, இரண்டு தவணை போகாமலே விட்டுவிட்டாள். இடது கால் விரலும் கறுத்துக்கொண்டு வருகிறது, இனிமேல் ஒரு தவணை தவறினாலும் அந்தக் காலும் போய்விடும் என்று டாக்டர் திட்டி அனுப்பினார்.

கீழே மூலை வீட்டுக்காரர் காலிசெய்து போய்விட்டார். பூட்டிக் கிடந்த அந்த வீட்டைக் கேட்டு வீடமைப்பு இலாகாவில் மனுக் கொடுத்தாயிற்று. ஆனால் மனு தானாக நடக்காது. அதற்கும் தூக்கிவிட ஆள் வேண்டும். பெரிய மனிதர் ஒருவருடைய ஆதரவுக் கடிதம் மேலே இருந்தால்தான் அதிகாரி ஃபைல் கட்டை அவிழ்ப்பார். காஜாங்கில் கட்டிக்கொடுத்த மகள் அமுதவள்ளி, வேலைக்கு லீவு போட்டு லீவு போட்டுத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான ஒய்பியின் சேவை மையத்துக்கு நடந்தாள். கடைசியில், வியாழக்கிழமை காலையில் வாருங்கள், ஒய்பி கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று போன் வந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் பழனியப்பன் பேப்பரில் வந்தார்.

வழக்கம்போல ஃபிளாட்டுக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் தமிழ்ப் பேப்பரைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்துவைத்து, பக்கத்திலேயே நின்றார்.

"என்னண்ணே, பெரிய ஆளாயிட்டீங்க லா. நாளைக்கு நம்ம கடையெல்லாம் கண்ணுல தெரியுமா?"

கலர்ப் படம். நடுவில் டத்தோ சுகுமாறன், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. பக்கவாட்டில் பழனியப்பன், இடுப்பு வளைந்து, இரண்டு கையையும் நீட்டி. அவருடைய முகம் பாதிதான் விழுந்திருந்தது. பொன்னாடை முழுசாக விழுந்திருந்தது.

எழுபது வயதில் முதல் தடவையாகப் பேப்பரில் வருகிற மனிதனுக்கு உண்டாகிற சந்தோஷம் அவருக்கும் உண்டானது. அது எவ்வளவு நேரம் இருந்தது என்றால், தலைப்பைப் படித்து முடிக்கிறவரைக்கும்.

'காலிழந்த மாதுக்குக் கீழ்வீடு: டத்தோ சுகுமாறன் பெற்றுத் தந்தார்.'

பெற்றுத் தந்தார் என்றா போட்டிருக்கிறது? இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்படித்தான் போட்டிருந்தது.

பழனியப்பன் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். சாமான் வந்துவிட்டது என்று தாளில் அடித்திருப்பான். போய்ப் பார்த்தால் கப்பலே வந்திருக்காது. அப்படி எத்தனையோ தடவை வெயிலில் காத்துக் கிடந்திருக்கிறார். அதனால் தாளில் இருக்கிற எதையும் அவர் நம்புவதில்லை. வங்கியை நம்புவதில்லை, மருந்துக் கடையை நம்புவதில்லை, தொலைக்காட்சியில் மழை வரும் என்றால் அதையும் நம்புவதில்லை. வீடு கிடைத்திருந்தால் யாராவது ஒருவன் போன் செய்திருக்க மாட்டானா?

கடையில் இருந்த பேப்பர் அத்தனையையும் வாங்கினார். கடைக்காரர், சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். கொண்டுபோய்த் தன் மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கி உள்ளே திணித்து, மேலே உட்கார்ந்துவிடுகிற மாதிரி அழுத்தி மூடினார். ஊரில் மற்ற கடைகளிலும் பேப்பர் விற்கும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

அமுதவள்ளியின் கார் வந்து நின்றது. தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. பழனியப்பன் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சேவை மையத்துக்குப் போகிற வழியில் மூன்று சிக்னலில் கார் நின்றது. ஒவ்வொன்றிலும் சொல்ல வாயைத் திறந்தார். அமுதவள்ளி பேசிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்கியாயிற்று, ஊனமுற்றோர் அட்டை நகல் வைத்தாயிற்று, படிக்கட்டைப் படம் பிடித்து அதையும் வைத்தாயிற்று, அம்மாவுக்குக் கீழ்வீட்டில் குளியலறைக்குக் கைப்பிடி போட ஒரு ஆளிடமும் பேசியாயிற்று. அவள் குரலில் இருந்த தெம்பைப் பார்த்ததும் அவருக்கு வாய் மூடிக்கொண்டது.

கெட்ட எண்ணத்தில் அவர் எதையும் செய்துவிடவில்லை. காப்பார் பக்கம் அவர்கள் இருந்த தோட்டத்தை விற்றுக் குடும்பங்களை வெளியேற்றியபோது, சுகுமாறன் வெறும் கிளைத் தலைவர். டத்தோ பட்டமெல்லாம் பிற்பாடு வந்தது. ஓட்டை மோட்டாரில் இலாகா இலாகாவாக அலைந்து, இந்த ஃபிளாட்டில் அத்தனை குடும்பத்துக்கும் இடம் வாங்கினார். சாவியைத் தானே கொண்டுவந்து இராஜம்மா கையில் கொடுத்தார். அன்றிலிருந்து சுகுமாறன் எந்த மேடை ஏறினாலும் பழனியப்பன் கீழே ஒரு பொன்னாடையோடு நின்றார். சுகுமாறனின் கட்சி ஆட்சியில் இருந்தபோதும் நின்றார். இப்போது அந்தக் கட்சி எங்கே இருக்கிறது என்று கட்சிக்கே தெரியாத காலத்திலும் நிற்கிறார். மேல்வீடு கொடுத்த கை கீழ்வீடும் கொடுக்கும் என்பது அவர் கணக்கு.

ஒய்பியோ வேறு மாதிரி. சேவை மையத்தின் கண்ணாடிக் கதவிலேயே ஒட்டியிருந்தது: மாலை, பொன்னாடை வேண்டாம், விரும்பினால் ஒரு புத்தகம் கொடுங்கள். பழனியப்பன் பிறந்ததிலிருந்து ஒரு புத்தகம் வாங்கியதில்லை. போன மாதம் அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு உறுத்தல். பொன்னாடை வாங்காத மனிதன் உன்னை எப்படி ஞாபகம் வைத்திருப்பான்? நீ அவன் ஆள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தோளில் ஒன்றைப் போட்டால்தானே ஒரு பாரம் இருக்கும்?

அந்த உறுத்தல்தான் அவரை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. பொன்னாடையைப் போர்த்திய கையோடு கீழ்வீட்டு விஷயத்தையும் டத்தோ காதில் போட்டுவிட்டு வந்தார்.

சேவை மையத்தில் கூட்டம். தள்ளுவண்டி லைசென்சுக்கு ஒரு மலாய் அம்மா, வீட்டுக் கால்வாய் அடைத்துக்கொண்டதற்கு ஒரு சீனப் பெரியவர், பேத்திக்குப் பிறப்புப் பத்திரம் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண். எல்லார் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி சிரிப்பு, யார் உள்ளே இருந்து வந்தாலும் காட்டுவதற்காகத் தயாராக வைத்திருக்கிற சிரிப்பு.

அமுதவள்ளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒய்பியின் சிறப்பு அதிகாரி பிரகலாதன் உட்கார்ந்திருந்தான். இளவயது, வெளுத்த சட்டை. மற்ற நாளெல்லாம் எழுந்து நின்று வரவேற்பான் என்று அமுதவள்ளி சொல்லியிருந்தாள். இன்று எழவில்லை. மேசைமேல் தமிழ்ப் பேப்பர் கிடந்தது. மடித்த பக்கம் மேலே இருந்தது.

பழனியப்பன் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

பிரகலாதன் பேப்பரை அமுதவள்ளி பக்கம் திருப்பிவைத்தான். அவள் படித்தாள். படித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"எப்பப்பா?"

"ஞாயித்துக்கிழமை."

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிரகலாதன் கெட்டவன் இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். டத்தோவின் கடிதமும் நேற்றே இலாகாவுக்குப் போய்விட்டதாம். ஒரே ஃபைலில் இரண்டு கட்சியின் கடிதம் இருந்தால் எந்த அதிகாரியும் அதைத் தொட மாட்டார், கீழே சொருகிவிடுவார் என்று விளக்கினான். ஒய்பி காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டாராம்.

"அங்கிள், ஓப்பனா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப எங்க லெட்டர்ல வீடு கிடைச்சா, டத்தோ வாங்கிக் குடுத்தாருன்னு ஊரு சொல்லும். கிடைக்கலன்னா ஒய்பி தடுத்துட்டாருன்னு சொல்லும். ரெண்டுலயும் எங்களுக்கு என்ன இருக்கு?"

"உங்களுக்கு என்ன இருக்கோ எனக்குத் தெரியாது," என்றாள் அமுதவள்ளி. "எங்கம்மாவுக்கு ஒரு கால் இருக்கு. அதுவும் போயிடக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் உங்க வாசல்ல உக்காந்தேன்."

பிரகலாதன் பேப்பரை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னான். அதே மூலை வீட்டைப் பின்பக்கத்து பிளாக்கில் டயாலிசிஸ் செய்து சிறுநீரகம் கழுவிக்கொள்கிற நோயாளி ஒருவரும் கேட்டிருக்கிறார். அவர் மனு இப்போது மேலே வந்துவிட்டது. தான் ஒருமுறை ஒய்பியிடம் பேசிப் பார்ப்பதாகவும், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னான்.

வெளியே வந்ததும் பழனியப்பன், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். அமுதவள்ளி காரை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் திருப்பினாள்.

"பெற்றுத் தந்தார்னுதானே போட்டிருக்கு? பெற்றதை வாங்கிட்டு வருவோம்."

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கார்கள் நகரவில்லை. அவள் வானொலியைப் போடவில்லை. ரொம்ப தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"டத்தோவை நம்பினது தப்பில்லப்பா. என்னை நம்பல பாருங்க."

அப்படி இல்லை என்று சொல்ல வந்தார். ஆனால் அப்படித்தான். அவள் ஆபீஸில் கிராணி வேலை பார்க்கிறவள், இங்கிலீஷில் பேசுகிறவள், தாளைத் தாளாக அடுக்கிவைக்கத் தெரிந்தவள். ஆனாலும் ஒரு காரியத்தை முடிக்கக் கும்பிடத் தெரிய வேண்டும், அது இவளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டத்தோ சுகுமாறனின் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. இங்கும் லிஃப்ட் இல்லை. பழனியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

டத்தோ எழுந்து வந்தே கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பொய் இல்லை. பழைய தோட்டத்து ஆட்கள் வந்தால் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்; இப்போது வருகிறவர்களும் குறைவு.

"வாங்க பழனி, வாங்க. பேப்பர் பாத்தீங்களா? கலர்ல போட்டிருக்கான்."

அமுதவள்ளி நின்றபடியே கேட்டாள். "சாவி எப்ப டத்தோ கிடைக்கும்?"

டத்தோ அவளை உட்காரச் சொன்னார். தேத்தண்ணி சொன்னார். லெட்டர் போயிருக்கிறது, இலாகாவில் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்குக் கீழே இருந்தவரைப் பிடிக்க வேண்டும் என்றார்.

"கிடைச்சிட்டதா போட்டிருக்கே."

"பேப்பர்காரன் கொஞ்சம் முன்னபின்ன எழுதுவாம்மா. லெட்டர் போனாலே பாதி கிடைச்ச மாதிரிதானே."

"மறுபாதியை யாரு குடுப்பா?"

டத்தோ சிரித்தார். அமுதவள்ளி சிரிக்கவில்லை. அந்தப் படத்தால் ஒய்பி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்பதை அப்படியே சொன்னாள். டத்தோவுக்கு வருத்தமாக இருக்கும் என்று பழனியப்பன் எதிர்பார்த்தார். டத்தோவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மறுத்துட்டாரா? காலில்லாத பொம்பளைக்கு மறுத்துட்டாரா? பழனி, இதை எழுதிக் குடுங்க. நாளைக்கே நிருபரைக் கூட்டிட்டு வீட்டுக்கு வரேன். அம்மாவைப் படிக்கட்டுல உக்கார வெச்சு, கால் தெரியுற மாதிரி ஒரு படம். அப்புறம் பாருங்க, எப்படிப் பதறிக்கிட்டு வராங்கன்னு."

பழனியப்பன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் பொன்னாடைகள் அடுக்கடுக்காக இருந்தன, சிலது பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல். அவர் ஞாயிற்றுக்கிழமை போர்த்தியது அந்த அடுக்கில் இல்லை. ஜெராக்ஸ் மெஷின்மேல் தூசி படாமல் இருக்க விரித்திருந்தார்கள். கத்திரிப்பூ நிறம், தங்கக் கரை.

அது அவமானம் இல்லை. வருகிற பொன்னாடையை எல்லாம் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? ஆனால் அவருக்கு ஒன்று விளங்கியது. இத்தனை காலமாக அந்தத் தோளில் தான் போட்டது பாரம் என்று நினைத்திருந்தார். ஒரு பாரமும் இல்லை. அது துணி.

"படம் வேணாம் டத்தோ," என்றார்.

அந்த மனிதரிடம் அவர் 'வேணாம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டத்தோவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். அமுதவள்ளி அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். தேத்தண்ணி அப்போதுதான் வந்தது.

கிள்ளானுக்குத் திரும்புகிற வழியெல்லாம் பழனியப்பன் இராஜம்மாவிடம் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டு வந்தார். அவளுக்கு வீட்டு விஷயமே பாதிதான் தெரியும். கிடைக்கிற வரைக்கும் ஆசை காட்ட வேண்டாம் என்று மகள்தான் சொல்லியிருந்தாள். அது ஒன்றாவது நல்லதாகப் போயிற்று. மேலே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, பழையபடி மருந்தை எடுத்துக் கொடுத்தால் போதும். இன்னொரு வீடு காலியாகாமலா போய்விடும்?

கார் ஃபிளாட்டுக்குள் திரும்பியது. அமுதவள்ளி திடீரென்று பிரேக் போட்டாள்.

மூலை வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் இராஜம்மா.

நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையில் பூ. பூட்டிய கதவுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. சூடம் எரிந்த கறுப்பு வாசற்படியில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பாக்கெட் தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். செருப்பில்லாத இடது காலை இராஜம்மா சிமெண்டில் அழுத்திப் பதித்திருந்தாள், தரை அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

இரண்டாம் மாடி உஷாராணிதான் ஓடிவந்து சொன்னாள். காலையிலேயே போனில் பேப்பரைப் பார்த்துவிட்டாளாம். ஆன்டியிடம் காட்டினாளாம். ஆன்டி முதலில் நம்பவில்லையாம். படத்தில் அங்கிளைப் பார்த்ததும் அழுதுவிட்டாளாம். பூப்பந்து ஆடுகிற பையன்களை அவளே கூப்பிட்டு, என்னைக் கீழே தூக்கிட்டுப் போங்கப்பா, என் வீட்டைப் பாக்கணும் என்றாளாம். கூப்பிட வெட்கப்படுகிறவள், தானாகவே கூப்பிட்டாளாம்.

பேப்பர் அத்தனையையும் சீட்டுக்கு அடியில் அழுத்தி மூடிய மனிதர் காரை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். போனில் பேப்பர் வரும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? தெரியும். நினைக்கவில்லை.

இறங்கி நடந்தார். இராஜம்மா அவரைப் பார்த்ததும் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அன்றைக்குத் தோட்டத்தை விட்டு வந்த நாளில் சுகுமாறனிடம் நீட்டியதும் இதே கைதான்.

"எங்கங்க சாவி? எம்புட்டு நேரமா இவங்கெல்லாம் காத்துட்டு நிக்கிறாங்க."

அமுதவள்ளி முந்திக்கொண்டாள். "அம்மா, அது அடுத்த வாரம்..."

"சாவி இல்ல இராஜம்," என்றார் பழனியப்பன். "வீடு கிடைக்கல. பாப்பா ஒழுங்காத்தான் செஞ்சா. நான் புகுந்து கெடுத்துட்டேன்."

கூட்டத்தில் யாரோ பாக்கெட் தண்ணியை உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக, அடுப்பில் என்னவோ வைத்துவிட்டு வந்ததாகவும் பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். இராஜம்மா நீட்டிய கையை மெல்ல மடக்கி மடிமேல் வைத்துக்கொண்டாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பொன்னாடையைச் சொன்னார், மூடிய பேனாவைச் சொன்னார், ஜெராக்ஸ் மெஷினைச் சொன்னார், பின்பக்கத்து பிளாக்கில் சிறுநீரகம் கழுவுகிற மனிதரையும் சொன்னார். இராஜம்மா அவரைத் திட்டவில்லை. அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. பூப்பந்துப் பையன்கள் திரும்பி வந்து, மேலே தூக்கட்டுமா ஆன்டி என்று கேட்டார்கள்.

"வேணாம்பா. நீங்க போயி விளையாடுங்க."

"வேணாம்னா எப்படிம்மா?" என்றாள் அமுதவள்ளி. "ராத்திரிக்கு ஊசி போடணும்."

"ஊசியை இங்க எடுத்துட்டு வா." இராஜம்மாவின் குரல் உயரவில்லை. "நீ ஒருத்தரைப் போயிப் பாத்தே. உங்கப்பா ஒருத்தரைப் போயிப் பாத்தாரு. ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் என்னை வந்து பாத்தாங்களா? நான் மேல வரல. யாருக்கு இந்த வீட்டைக் குடுத்தாலும் என் முன்னாலதானே கதவைத் திறக்கணும்? திறக்கட்டும். அந்தக் கழுவுற மனுஷன் வந்தா அவரையும் நான் பாக்கறேன்."

அமுதவள்ளி அப்பாவைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

உஷாராணி மட்டும் போகாமல் நின்றாள். போனை எடுத்தாள், ஆன்டி, ஒரு படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டாள். இராஜம்மா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, முகத்தைத் தூக்கினாள். இப்ப எடு என்றாள். படம் ஃபிளாட்காரர்களின் போன் குழுவுக்குப் போனது. அங்கிருந்து எங்கெல்லாம் போனதோ யாருக்குத் தெரியும்.

சிமெண்ட் குளிர ஆரம்பித்தது. கறுத்த விரலுக்குக் குளிர் ஆகாது. பழனியப்பன் மோட்டார் சைக்கிள் பக்கம் போய், சீட்டைத் தூக்கி, காலையில் ஒளித்த பேப்பர் கட்டை எடுத்து வந்தார். குந்தி உட்கார்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, அவள் பாதத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மேல் தாளில் கத்திரிப்பூ நிறம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். காலை எடுக்கவில்லை.

அமுதவள்ளியின் போன் முதலில் அடித்தது. பெயரைப் பார்த்தாள். "பிரகலாதன்," என்றாள். எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேச ஆரம்பித்தாள்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் பழனியப்பனின் சட்டைப் பைக்குள்ளும் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே டத்தோ என்று தெரிந்தது. அந்த ஒரு ஆளுக்கு மட்டும் அவர் தனியாக ஒரு மணிச் சத்தம் வைத்திருந்தார், நாதஸ்வரம். எந்த நேரத்தில் அடித்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், ஈரக் கையோடு ஓடிவந்து எடுப்பார்.

கை தன்னால் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

இராஜம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாதஸ்வரம் நிற்கவில்லை.